முழங்கால் தண்ணீரில் நிற்பவர்கள்

மழைக்காலம் வந்தால் மும்பையில் நமக்கெல்லாம் ஒரே கவலை, லோக்கல் ஓடுமா ஓடாதா என்பதுதான். தண்டவாளத்தில் தேங்கிய தண்ணீரில் நின்று வேலை செய்பவரை யார் நினைக்கிறோம்? பாதைப் பராமரிப்பிலேயே காலம் தள்ளிய நானே வெகுகாலம் நினைக்கவில்லை.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அடுத்த சில நாட்கள் என் கேங்மேன்கள் சாக்கடை கலந்த தண்ணீரில் நின்று அரித்துப்போன ஜல்லியை நிரப்பினார்கள். பத்து நாள் கழித்து அவர்களில் ஒருவர் வந்து, "சாஹேப், காய்ச்சல். கெண்டைக்கால் தாங்க முடியவில்லை" என்று இந்தியில் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. இத்தனை வேலைக்குப் பிறகு கால் வலிக்காதா என்று சொல்லி, பாராசிட்டமால் கொடுத்து இரண்டு நாள் ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினேன். நான்காம் நாள் மஞ்சள் காமாலையும் சிறுநீர் அடைப்புமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிழைக்கவில்லை. வயது 34.

எலிக்காய்ச்சல். டாக்டர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் என்பார்கள். எலியின் சிறுநீரிலுள்ள கிருமி தேங்கிய நீரில் கலந்து, காலில் உள்ள சிறு கீறல் வழியே உடம்புக்குள் போகிறது. ஜல்லியில் நடப்பவர் காலில் கீறலுக்கா பஞ்சம்? தண்டவாளத்தை ஒட்டி நாம் வீசும் குப்பையில் எலிகள் கொழுக்கின்றன. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் உடனே சந்தேகிக்க வேண்டும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

கம்பூட் கொடுத்தோமே என்பார்கள். கொடுத்தோம்தான். கணுக்கால் தண்ணீருக்கு அது நல்லது. முழங்காலுக்கு மேல் போனால் பூட்டுக்குள் தண்ணீர் நிரம்பி, காலைத் தூக்கவே முடியாது. கழற்றிவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்கள். (அதை வாங்கித் தந்தவர்கள் ஒரு நாளாவது போட்டுக்கொண்டு நடந்திருக்க வேண்டும்.)

மாத்திரை இருக்கிறது. பனாமா காட்டில் பயிற்சி பெற்ற அமெரிக்கச் சிப்பாய்களில் ஒரு பாதிக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, சாப்பிட்டவர்களில் ஒருவருக்குத்தான். இது 1984லேயே வெளியான ஆய்வு. 2018 வெள்ளத்தின்போது கேரளத்தில் மீட்புப் பணியாளர்களுக்கு இம்மாத்திரையைக் கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்டே சாப்பிட வேண்டும்.

நிரந்தர ஊழியருக்காவது ஆஸ்பத்திரி உண்டு. சாக்கடை தூர்வார கான்டிராக்டர் கூட்டிவரும் ஆட்களுக்கு அதுவும் கிடையாது. பெயர்கூட எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. டெண்டரில் மண்வெட்டிக்கு இடமிருக்கிறது, மாத்திரைக்கு இல்லை. எத்தனையோ டெண்டர் தயாரித்தவன் நான். ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் ஜனவரியில் மருத்துவ முகாம் நடத்துகிறது. பெரும்பாலும் நாமே போய் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு வருகிறோம். அதை ஜூன் முதல் வாரத்துக்கு மாற்றி, நம் குடியிருப்புகளில் சாக்கடை அள்ளுபவர்களை அழைத்தால் என்ன? நம்மில் டாக்டர்களுக்குக் குறைவில்லை. மாத்திரைச் செலவில் முதல் ஆயிரம் ரூபாய் என்னுடையது. செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.