பார்க்காத பெட்டிக்கு எத்தனை படம்!

வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்றால் போதும். பிறக்கப்போவது ஆணா, பெண்ணா என்ற பேச்சு தொடங்கிவிடும். பாட்டி ஒன்று சொல்வாள். அத்தை வேறொன்று சொல்வாள். பிள்ளை பிறந்த பிறகு இருவருமே, "நான் அப்போதே சொன்னேனே!" என்பார்கள்.

புதிய வீடியோ விளையாட்டுப் பெட்டி வரப்போகிறது என்றாலும் இதே கதைதான்!

டெலிவிஷனோடு இணைத்து விளையாடும் சிறிய பெட்டி அது. கையில் பிடித்துப் பொத்தான்களை அழுத்த ஒரு கைப்பிடியும் உண்டு. பெட்டி எந்த வடிவத்தில் இருக்கும்? கைப்பிடியில் என்ன புதுமை? விலை எவ்வளவு? உலகம் முழுவதும் உள்ள விளையாட்டுப் பிரியர்கள் இரவு பகலாக யூகம் செய்கிறார்கள்.

யூகம் தவறா? இல்லை. யூகத்தைச் செய்தி என்று நம்புவதுதான் தவறு!

ரகசியப் பெயர்

ஜப்பானில் கியோட்டோ நகரில் இருக்கிறது நிண்டெண்டோ கம்பெனி. 1889-ம் ஆண்டில் சீட்டுக்கட்டு தயாரிக்கத் தொடங்கிய கம்பெனி அது. பிற்காலத்தில் வீடியோ விளையாட்டில் உலகப் புகழ் பெற்றது.

2015 மார்ச் மாதம் அதன் தலைவர் சடோரு இவாட்டா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். புதிய கருவி ஒன்று தயாராகிறது. அதன் ரகசியப் பெயர் 'என்.எக்ஸ்'; மற்ற விவரம் அடுத்த ஆண்டு. அவ்வளவுதான் சொன்னார். அந்த ஜூலை மாதமே அவர் காலமானார். வயது 55.

கருவி எப்படி இருக்கும் என்பதை வெளியே யாரும் அறியவில்லை. விளையாட்டுப் பிரியர்களுக்கோ ஒரே தவிப்பு!

தவிப்புக்குக் காரணம் இருந்தது. அந்தக் கம்பெனியின் 'வீ' என்ற பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் பின் 2012-ல் வந்த 'வீ யூ' பெட்டியோ மொத்தம் சுமார் 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. அடுத்த பெட்டியும் விழுந்தால் கம்பெனியின் கதி என்ன? இந்தக் கவலைதான் யூகத்துக்கு எண்ணெய் வார்த்தது.

போட்டிக் கம்பெனிகளின் பெட்டிகளைவிட வேகமாக இருக்கும் என்றார்கள் சிலர். வீட்டிலும் வெளியிலும் விளையாடலாம் என்றார்கள் வேறு சிலர். கைப்பிடி முழுவதுமே திரையாக இருக்கும் என்றும் பேச்சு அடிபட்டது.

பொய்க்குப் போட்டோ

2016 மார்ச் மாதம் இணையத்தில் ஒரு போட்டோ வந்தது. கறுப்பு நிறம். முட்டை வடிவம். முழுவதும் திரை. அதைத் துளைத்துக்கொண்டு இரண்டு குமிழ்கள். இதுதான் 'என்.எக்ஸ்' கைப்பிடி என்று செய்தி பரவியது.

அதே கம்பெனி காப்புரிமை கேட்டுக் கொடுத்திருந்த மனுவில் ஏறக்குறைய இதே போன்ற வரைபடம் இருந்தது. ஆகவே பலர் நம்பிவிட்டார்கள். சில நாளில் இன்னொரு போட்டோவும் வந்தது. நம்பிக்கை வலுத்தது.

பிறகுதான் குட்டு உடைந்தது! இரண்டுமே போலி. ஒன்றைச் செய்தவர் பின்லாந்து நாட்டுக்காரர். பொருளையே அச்சடித்துத் தரும் இயந்திரத்தில் அதைச் செய்தார். செய்த விதத்தையும் படம் பிடித்து அவரே காட்டினார்.

கண்ணால் காண்பதும் பொய் என்பது பழமொழி. இந்தக் காலத்தில் கையால் தொடுவதும் பொய்யாக இருக்கலாம் போலும்!

அந்த ஜூலை மாதம் 'யூரோகேமர்' என்ற பிரிட்டிஷ் செய்தித் தளம் ஒரு செய்தி வெளியிட்டது. கருவிக்குச் சொந்தத் திரை உண்டு. இரு பக்கக் கைப்பிடிகளும் கழன்று வரும். டெலிவிஷனோடும் இணைக்கலாம் என்றது செய்தி. கருவியின் போட்டோ அதில் இல்லை.

கடைசியில் அதுதான் மெய்யாயிற்று! பொய்க்குப் போட்டோ இருந்தது. மெய்க்குப் போட்டோ இல்லை.

அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று

2016 அக்டோபர் 20-ந் தேதி கம்பெனியே திரையை விலக்கியது. கருவியின் பெயர் 'ஸ்விட்ச்'. 2017 மார்ச் 3-ந் தேதி கடைக்கு வந்தது. அமெரிக்காவில் விலை சுமார் 300 டாலர்.

6.2 அங்குலத் திரை. வீட்டில் அதைத் தாங்கியில் வைத்தால் விளையாட்டு டெலிவிஷனில் தெரியும். வெளியே கிளம்பினால் கையோடு எடுத்துப் போகலாம். கைப்பிடி இரண்டையும் கழற்றி, அண்ணன் ஒன்றும் தங்கை ஒன்றுமாகப் பிடித்து விளையாடலாம்.

வேகத்தில் அது போட்டிப் பெட்டிகளை எட்டவில்லை. ஆனாலும் 15 கோடிக்கு மேல் விற்றது! வேகம் ஒன்றையே பேசியவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. யூகம் என்பது பெரும்பாலும் அவரவர் ஆசைதானே? வேகம் பிடித்தவர் வேகத்தை யூகிக்கிறார். சேர்ந்து விளையாட ஆசைப்படும் குழந்தையை யார் கேட்டார்கள்?

கொடுக்காத வாக்கு

இன்னொரு சம்பவம் 2021-ல் நடந்தது. 'ஸ்விட்ச்' கருவியின் புதிய வகை வரும். டெலிவிஷனில் படம் நான்கு மடங்கு துல்லியமாகத் தெரியும் என்று பேச்சு கிளம்பியது. பெரிய செய்தி நிறுவனங்களே எழுதின.

ஜூலை 6-ந் தேதி அறிவிப்பு வந்தது. திரை 7 அங்குலமாகப் பெரிதாகியிருந்தது. நிறமும் பளிச்சென்று இருந்தது. ஆனால் டெலிவிஷனில் தெரியும் படத்தில் மாற்றம் இல்லை.

நல்ல கருவிதான். ஆனாலும் பலருக்கு ஏமாற்றம்! கம்பெனி கொடுக்காத வாக்கைக் கம்பெனி மீறிவிட்டதாகக் கோபப்பட்டார்கள். கையில் கிடைத்ததை ரசிக்க விடாமல் செய்ததே, அதுதான் யூகம் செய்த கெடுதல்.

பழி யாருக்கு?

பழி முழுவதும் ரசிகர்கள் தலையில் விழக்கூடாது. முன்கூட்டியே காட்டினால் பிறர் பார்த்து அப்படியே செய்துவிடுவார்கள் என்று கம்பெனிகள் அஞ்சுகின்றன. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் மாதக் கணக்கில் வாய் திறக்காமல் இருந்தால் வதந்திக்குக் கால் முளைக்காதா? பலர் பார்த்தால் காசு வரும் என்பதற்காகவே போலிப் படம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை எவ்விதத்திலும் மன்னிக்க முடியாது.

ஆகவே பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "புதுப் பெட்டி வருகிறது, பழையதை விற்றுவிடலாம்" என்று பிள்ளை வந்து நின்றால் அதட்ட வேண்டாம். அருகில் உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்டால் போதும். சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? கம்பெனி சொல்லிவிட்டதா?

மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை பணப்பை மூடியே இருக்கட்டும். கருவியின் விலை என்பது பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் செலவு. அதை ஒரு போட்டோவை நம்பிச் செலவழிக்கலாமா?

அதுவரை பிள்ளைகள் தாராளமாக யூகம் செய்யட்டும். தாளில் படம் வரையட்டும். அவர்கள் வரைந்த பெட்டி கடைக்கு வரும் பெட்டியைவிட அழகாகக்கூட இருக்கலாம்!

யூகத்துக்குக் காசு இல்லை. பெட்டிக்குத்தான் காசு.