விடைக்கு முந்திய வியப்பு

1956 ஏப்ரலில், இலண்டன் பிபிசி தொலைக்காட்சியின் நேரலையில், வங்கத்து மாயவித்தைக் கலைஞர் பி.சி. சர்க்கார் ஒரு பெண்ணை வட்டரம்பத்தால் இரண்டாக அறுப்பதுபோல் காட்டினார். அப்பெண் எழுந்து நிற்கக் காணுமுன்னரே நிகழ்ச்சி முடிந்துவிட்டது. அவருக்கு என்ன நேர்ந்ததோ எனப் பதறியவர்களின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன.

அன்று, கண்ட காட்சியை நிறுத்திப் பார்க்கவோ பின்னோக்கி ஓட்டவோ பார்வையாளருக்கு வழியில்லை. இன்றோ, வித்தை முடிந்த மறுகணமே அதன் சூட்சுமம் கைப்பேசித் திரையில் விளக்கப்படுகிறது. தெளிவு நன்றே, மூடநம்பிக்கைக்கு அதுவே மருந்து. எனினும், தேடாமல் கிடைக்கும் விடை சிந்தனையைத் தூண்டுவதில்லை. ‘எப்படி?’ என்று ஓர் இரவேனும் உறங்காதிருந்த மனமே ஆராயக் கற்கிறது. பழைய மேடை வித்தைகளை எண்ணி முதியோர் ஏங்குவது, அவ்வினாவோடு கழித்த பொழுதுகளுக்காகவே. அப்பொழுதுகளை இளையோர் இழந்துவிடலாகாது.