கட்டி வளர்த்த குட்டி காவல் காக்காது

நாய்க்குட்டி ஒன்றைக் கொண்டுவந்ததும் எம்மவர் பலர் செய்யும் முதல் வேலை, அதன் கழுத்தில் கயிற்றைப் போட்டு வளவு மூலையில் கட்டிவிடுவதாகும். ஆட்களோடு பழகினால் நாய் பழுதாகிவிடும், அயலாரைக் கண்டு வாலாட்டும் நாய் கள்ளனைக் கண்டும் வாலாட்டும் என்பது அவர்களின் எண்ணம். இந்த எண்ணம் பிழையானது. இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு ஆபத்தானதும் கூட.

சொந்த ஊரில் இக்கேள்வியே எழவில்லை. அங்கே குட்டி படலையைத் தாண்டி ஓடும். ஒழுங்கையில் பள்ளிப் பிள்ளைகளைக் காணும். பக்கத்து வளவு ஆச்சியின் கையால் சோறு தின்னும். ஆடு, மாடு, கோழி, உழவு இயந்திரம் யாவும் அதற்குத் தானாகவே பழகிவிடும். ஊரே அதனை வளர்த்தது. நலன்புரி நிலையத்திலோ, புதிய குடியேற்றத்திலோ, உறவினர் வளவில் போட்ட கொட்டிலிலோ நிலைமை வேறு. பல ஊர் மக்கள் நெருங்கி வாழ்கிறார்கள். ஒரு துண்டுத் தறப்பாளே வேலியாக இருக்கிறது. ஊர் தானாகச் செய்த வேலையை இங்கே நாம் தெரிந்து செய்யவேண்டியுள்ளது.

அதற்கு ஒரு பருவம் உண்டு. அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சில குட்டிகள் 14 வாரங்கள்வரை மனிதத் தொடர்பின்றி அடைத்த வெளியொன்றில் வளர்க்கப்பட்டன. அவை காட்டு விலங்குகளைப் போல மனிதரைக் கண்டு அஞ்சின; பின்னர் பழக்குவதும் கடினமாயிற்று. பிறந்து 3ஆவது வாரம் தொடக்கம் ஏறக்குறைய 12 அல்லது 14ஆவது வாரம் வரையுமே குட்டி புதியவற்றை இலகுவில் ஏற்றுக்கொள்ளும் காலம். காலபோகத்தில் பருவம் தவறி விதைப்பவன் படும் பாட்டை நீங்கள் அறிவீர்கள்.

அச்சத்தில் வளர்ந்த நாய் காவல் நாயல்ல. அது தபாற்காரரையும் கடிக்கும், பந்து பொறுக்க வந்த பிள்ளையையும் கடிக்கும். ஏனெனில் அதற்கு எல்லோரும் அந்நியரே. வழமையாக வருபவர் யாரென அறிந்த நாய்தான் வழமைக்கு மாறானதைக் கண்டு குரைக்கும். குரைப்பதை நாம் கற்பிக்கத் தேவையில்லை. வளர வளர அது தானாக வரும்.

ஒரு கடியினால் இரு குடும்பங்களின் உறவு முறிகின்றது. கூலிவேலைக்குப் போகவேண்டிய தாய் பிள்ளையோடு ஊசிக்கு அலைகிறாள். மனிதருக்கு விசர்நாய்க்கடி நோய் ஏற்படும் சந்தர்ப்பங்களில் 99 சதவீதம் வரை நாய்களாலேயே ஏற்படுகின்றன. விசர் பிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது.

"எங்கள் பாடே பெரும்பாடு, நாய்க்கு இதெல்லாம் வேண்டுமா?" என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பணம் தேவையில்லை. இரண்டு மாதம் ஆகும்வரை குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். ஆனால் மூன்றாம் வாரத்திலிருந்தே அதைக் கையில் எடுத்துத் தடவுங்கள். வீட்டுக்கு வந்தபின் அயல் வீட்டாரின் கையால் ஒரு பிடி சோறு கொடுப்பியுங்கள். குடை பிடித்தவர், பொல்லூன்றும் முதியவர், சைக்கிளில் வருபவர் எல்லோரையும் அது காணட்டும். உழவு இயந்திரத்தின் சத்தத்தை முதலில் தூரத்திலிருந்து கேட்கட்டும். பயந்தால் இழுத்துச் செல்லாமல் சற்று விலகி நில்லுங்கள். காது, வாய், கால் என்பவற்றைத் தொட்டுப் பழக்கினால் பின்னர் மருந்து கட்டுவது இலகு. பிள்ளைகள் வாலைப் பிடித்து இழுக்கவோ, தின்னும்போது தொந்தரவு செய்யவோ விடாதீர்கள். தடுப்பூசி போடும்வரை தெருநாய்களோடு சேரவிடாமல் கையில் தூக்கிச் சென்று காட்டுங்கள்.

விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகின்றது. எப்போது போடுவதென உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பின்னர் ஆண்டுதோறும் போடுங்கள். பழகிய நாய்க்கும் ஊசி அவசியம். எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக அரிது.

விவிலியத்தில் தோபித்து, தன் மண்ணிலிருந்து நினிவேக்குக் கொண்டுசெல்லப்பட்ட மனிதர். அவருடைய மகன் தோபியா வழிப்பயணம் புறப்பட்டபோது வானதூதர் இரபேலும் கூடச் சென்றார். அவர்களோடு ஒரு நாயும் நடந்தது என அந்நூல் சொல்கின்றது. புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் நாய் அது. புதிய மனிதரோடும் புதிய வழியோடும் அது சேர்ந்து நடந்தது.

உங்கள் கொட்டிலில் இப்போது ஒரு குட்டி இருந்தால், இன்று மாலையே கயிற்றை அவிழ்த்து, பிள்ளையின் கையில் அதைக் கொடுத்து, நீங்களும் கூடப் போய்ப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டுங்கள். அவர்கள் எந்த ஊரவர் என்பதையும் அப்போது கேட்டு அறிந்துகொள்ளலாம்.