மீட்டருக்குள் மணல்

போலி மின்சோதனைக் கருவிகளில் இரண்டு ரகம் உண்டு. பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரையை அப்படியே அச்சடித்து விற்பது ஒன்று. பெயரை மாற்றி, நிறத்தையும் உருவத்தையும் மட்டும் ஒட்டி வருவது மற்றொன்று. சாயல் இருப்பதாலேயே ஒரு கருவி ஆபத்தானது ஆகிவிடாது. ஆனால் காப்பியடிக்க எளிதானது வெளிப்புறம். உயிரைக் காப்பது உட்புறம்.

மல்டிமீட்டரையே எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை மலிவான மீட்டரும் 230 வோல்ட்டைச் சரியாகவே காட்டும். கை தவறும்போதுதான் வேறுபாடு தெரியும். ஆம்பியர் பார்த்துவிட்டு, சிவப்பு லீடை 10 ஆம்பியர் துளையிலிருந்து மாற்றாமலேயே த்ரீ ஃபேஸ் பேனலில் வோல்ட் பார்ப்பது அனுபவசாலிகளுக்கும் நேர்வதுதான். அந்தத் துளைக்குப் பின்னால் இருப்பது ஏறத்தாழ வெறும் கம்பி. 415 வோல்ட் நேரடியாக ஷார்ட் ஆகும். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்துப் பேனல் என்றால் பல ஆயிரம் ஆம்பியர் பாயும்.

தரமான மீட்டரில் இதற்கென்றே 1000 வோல்ட், 11 ஆம்பியர் எச்.ஆர்.சி. (உயர் அறுப்புத்திறன்) ஃப்யூஸ் இருக்கும். உறுதியான குழல், உள்ளே நுண்மணல். கம்பி உருகும்போது எழும் மின்வில்லின் வெப்பத்தை மணல் உறிஞ்சி, தானும் உருகிக் கண்ணாடியாகி, பாதையை அடைத்துவிடும். 20,000 ஆம்பியரையும் அறுக்கும் திறன் அதற்கு உண்டு. பல போலிகளில் அந்த இடத்தில் 250 வோல்ட் கண்ணாடி ஃப்யூஸ் இருக்கும். அது அறுப்பது மிஞ்சினால் சில நூறு ஆம்பியர். கம்பி உருகினாலும் உலோக ஆவி வழியே மின்வில் தொடரும். குழல் வெடித்து, பெட்டி பிளந்து, பிடித்திருப்பவரின் கையும் முகமும் வெந்துபோகும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடி-830 வகை மீட்டர்களின் முகப்பில் ஏசி 750 வோல்ட் என்றிருக்கும். 10 ஆம்பியர் துளையருகே ‘அன்ஃப்யூஸ்டு’ (ஃப்யூஸ் இல்லாதது) என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அந்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும். போலிகளோ கூச்சமின்றி ‘கேட் 3, 600 வோல்ட்’ என்ற பாதுகாப்பு வகையை அச்சடிக்கின்றன. அதன்படி 6000 வோல்ட் திடீர் எழுச்சியை மீட்டர் தாங்கியாக வேண்டும். உள்ளே சர்க்யூட் போர்டின் தடங்களுக்கிடையே போதிய இடைவெளி இல்லாமல் அது நடக்காது.

சட்டத்தின் கண்ணுக்கும் வெளிப்புறமே முதலில் படுகிறது. 2014 மார்ச்சில், அமெரிக்காவின் ஸ்பார்க்ஃபன் நிறுவனம் சீனாவிலிருந்து வரவழைத்த சுமார் 2000 மல்டிமீட்டர்களைச் சுங்கத்துறை நிறுத்திவைத்தது. கரும் முகப்பைச் சுற்றிய மஞ்சள் விளிம்பு ஃப்ளூக் நிறுவனத்தின் பதிவுபெற்ற வணிகக்குறி என்பதே காரணம். நிறுத்தியது நிறத்துக்காக, ஃப்யூஸுக்காக அல்ல.

வெடிக்காத ஆபத்தும் உண்டு. மட்டமான லீடுக்குள் கம்பி அறுந்திருந்தால், கரண்ட் இருக்கும் லைனிலும் மீட்டர் பூஜ்யம் காட்டும்; அதை நம்பிக் கை வைப்பவர் கதி அவ்வளவுதான். அதனால்தான் வேலை செய்யப்போகும் லைனைச் சோதிக்கும் முன்னும் பின்னும், கரண்ட் இருப்பது உறுதியான வேறு லைனில் மீட்டரைப் பார்த்துக்கொள்வது தொழில்முறை வழக்கம்.

பின்புறத்துச் ‘சிஇ’ குறியை மட்டும் நம்ப முடியாது. இத்தகைய கருவிகளில் அது தயாரிப்பாளரே தாமாகத் தரும் உறுதிமொழி. யுஎல், டியூவி போன்றவை வெளி ஆய்வகச் சான்றுகள் என்றாலும், அவற்றின் குறிகளையும் போலியாக அச்சடிக்கிறார்கள். வாங்குவோர் சான்று எண்ணை ஆய்வகத்தின் பட்டியலில் சரிபார்க்கலாம்.

மொத்தமாக வாங்கும் இடங்களில் டெண்டர்கள் பெரும்பாலும் குறைந்த விலைக்கே போகின்றன. ‘டிஜிட்டல் மல்டிமீட்டர், 600 வோல்ட்’ என்ற ஒற்றை வரிக்கு எந்த மீட்டரும் பொருந்திவிடும். ஃப்யூஸின் வோல்ட், அறுக்கும் திறன், ஐஇசி 61010 தரச்சான்று ஆகியவை அந்த வரியிலேயே கேட்கப்பட வேண்டும். வந்திறங்கும் பெட்டிகளில் ஒன்றைப் பின்மூடி கழற்றிப் பார்க்க ஸ்க்ரூடிரைவர் போதும்.