டேப் யார் கையில்?

கணக்கிலிருந்து தொடங்குவோம். தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், 101.48 கோடி ரூபாய். தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள், 455.32 கோடி ரூபாய். நடுநிலைப் பள்ளிகளில் 8,180 உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள், 519.73 கோடி ரூபாய். அண்மை ஆண்டுகளில் மாநில அரசு அறிவித்த திட்டங்கள் இவை. மொத்தம் ஆயிரம் கோடிக்கு மேல். வகுத்துப் பார்த்தால் ஒரு டேப்புக்குச் சுமார் 12,700 ரூபாய், ஒரு வகுப்பறைக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் ஆகிறது.

அரசுப் பள்ளிக்குச் செலவாகும் பணத்தைக் குறை சொல்ல நமக்கு மனம் வராது. சேரிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அங்கேதான். தனியார் பள்ளியில் பணம் கட்டிப் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் திரை நம் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். ஆனால் இந்தப் பத்தியில் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பொதுப்பொருள் ஒன்று ஊருக்குள் வந்தால் அது யார் கைக்குப் போகிறது, யார் கைக்குக் கடைசியில் வருகிறது? குளத்துக்கும் கிணற்றுக்கும் கேட்டோம். டேப்புக்கும் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். இந்த 79,723 டேப்புகளும் ஆசிரியர்களுக்கானவை. பாடக் காணொளி காட்டலாம், மணற்கேணி போன்ற செயலிகளைத் திறக்கலாம், எண்ணும் எழுத்தும் திட்டத்தின் மதிப்பீட்டைப் பதியலாம், வருகைப் பதிவு செய்யலாம். பிள்ளை அதைத் தொடுவது ஆசிரியர் கொடுத்தால்தான். நகரத்துத் தனியார் பள்ளியில் ஆறு வயதுப் பிள்ளை தன் விரலால் எழுத்தை இழுத்துப் படத்தோடு சேர்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நம் பிள்ளை அந்த விரல் நகர்வதைச் சுவரில் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் பெயர் தொழில்நுட்பக் கல்விதான்.

எடமலைப்பட்டி புதூரை எடுத்துக்கொள்வோம். திருச்சி மாநகராட்சிக்குள் இருக்கிறது. 2025 மே மாதம் திறக்கப்பட்ட பஞ்சப்பூர் பேருந்து முனையம் பக்கத்திலேயே. கைப்பேசிக் கோபுரத்துக்குப் பஞ்சமில்லை, சிக்னலுக்கும் பஞ்சமில்லை. அங்கே கட்டட வேலைக்கோ தூய்மைப் பணிக்கோ போகும் பெற்றோரின் வீட்டை நினைத்துப் பாருங்கள். வீட்டில் ஒரே ஒரு தொடுதிரைக் கைப்பேசி. விடிந்ததும் அது அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். மேஸ்திரி கூப்பிடுவது அதில்தான். இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது, அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். பாடப்புத்தகத்தில் அச்சிட்ட கியூஆர் குறியீட்டை அந்தப் பிள்ளை எதைக் கொண்டு திறக்கும்? 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்து நாமும் பெருமைப்பட்டோம். பல வீடுகளில் அது இன்றைக்கும் கறுப்புக் கட்டமாகவே இருக்கிறது. கோபுரத்துக்கு அடியில் குடியிருப்பதும் இணைப்பு பெற்றிருப்பதும் வேறு வேறு. கிராமத்துக்காரர்கள் நகரத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். நகரத்துக் குடிசைக்கும் கிராமத்துக் காலனிக்கும் இதில் தூரம் அதிகமில்லை.

தேசிய மாதிரி ஆய்வின் 75-வது சுற்று (2017-18) நாடு முழுவதும் எடுத்த கணக்குப்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கணினி வைத்திருந்தவை 4.4 விழுக்காடு. இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. அந்த நிலையில்தான் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020-ல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை முதன்முதலாக வகுப்பறைக்குள் உட்கார்ந்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. அதற்குக்கூட 2006-க்குப் பின் அரசு கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அன்று அதைக் கேலி செய்தவர்கள் எவரும் பின்னர் வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

பக்கத்து மாநிலமான கேரளத்தில் 2020 ஜூன் 1 அன்று இணையவழி, தொலைக்காட்சி வகுப்புகள் தொடங்கின. அன்றே மலப்புரம் மாவட்டம் வளாஞ்சேரியில் ஒன்பதாம் வகுப்புத் தலித் மாணவி ஒருவர் இறந்துபோனார். வீட்டில் தொலைக்காட்சி பழுதாகிக் கிடந்தது, தொடுதிரைக் கைப்பேசி இல்லை, வகுப்பைப் பார்க்க முடியவில்லை என்ற வருத்தத்தில் இருந்தார் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். கல்வியில் முதலிடம் என்று நாடே புகழும் மாநிலத்தில் நடந்தது இது. அதன் பிறகுதான் கருவி இல்லாத வீடுகளுக்குக் கருவி கொண்டுசேர்க்கும் வேலை அங்கே வேகம் பிடித்தது. வகுப்பு தொடங்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

நம் மாநிலத்திலும் இழப்பு பெரிது. ஏசர் ஆய்வுகளின்படி, 2018-ல் தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பத்தில் நான்கு பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தார்கள். 2022-ல் நான்கில் ஒருவர்தான் வாசித்தார். அந்தப் பள்ளத்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிவிட்டது எது என்பதை நாம் கவனிக்க வேண்டும். அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய மூவரும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 2021 டிசம்பரில் கண்ட இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு 2022 மே மாதத்துக்குள் ஈடாகிவிட்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தால் வந்தது. பின்தங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கே அது அதிகம் பயன்பட்டது. அந்தத் திட்டத்தில் இருந்தது என்ன? மாலை ஐந்து மணிக்குத் தெருவிலேயே ஒரு திண்ணை, ஒரு கரும்பலகை, பக்கத்து வீட்டு அக்கா. அவ்வளவுதான். மீதி மீட்சி, பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கி ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வு 2012-ல் வெளிவந்தது. கணினிகள் பெருகியிருந்தன. கணக்கிலும் மொழியிலும் தேர்ச்சி கூடவில்லை. அதற்காகக் கருவியே வேண்டாம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. டெல்லியில் ஏழைக் குடும்பத்து நடுநிலை வகுப்பு மாணவர்களுக்குப் பள்ளி நேரத்துக்குப் பின் நடத்திய மையங்களில் வேறு விதமாக நடந்தது. 45 நிமிடம் கணினி, அடுத்த 45 நிமிடம் ஆசிரியரோடு சிறு குழுவில் படிப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளை மூன்றாம் வகுப்புக் கணக்கில் நின்றால், கணினி மூன்றாம் வகுப்புக் கணக்கையே கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். பிள்ளை நிற்கும் இடத்துக்குக் கருவி இறங்கி வந்தது, பக்கத்தில் ஓர் ஆள் இருந்தார். நம் பள்ளிகளிலும் இதுதான் நடக்க வேண்டும்.

நடப்பதோ பெரும்பாலும் வேறு. எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரிக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆசிரியரின் நேரத்தில் எவ்வளவு கற்பிக்கப் போகிறது, எவ்வளவு டேப்பில் பதியப் போகிறது? ஆசிரியர் சங்கங்கள் இதைப் பல முறை முறையிட்டுவிட்டன. ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய கண் திரையைப் பார்க்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோரோடு மாதக்கணக்கில் போய்வரும் பிள்ளை, திரும்பத் திரும்ப அரும்பிலேயே நிற்கிறது. அது ஏன் நிற்கிறது என்று எழுத டேப்பில் கட்டம் இருக்கிறதா? மேலே போகும் கணக்கில் அந்தப் பிள்ளை ஒரு எண்ணிக்கை. அதன் அப்பா வாங்கிய முன்பணம் எந்தக் கணக்கிலும் வராது.

தமிழ் படித்தவர்கள் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ழகரம் வராத பிள்ளை 'வாளப்பளம்' என்று வாசிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைக்கு எழுத்து தெரியும், நாக்குத்தான் பழகவில்லை என்பது புரியும். கருவிக்குச் சரி, தவறு என்ற இரண்டு பொத்தான்கள்தான். வீட்டுப் பேச்சு தவறு என்று ஆறு வயதில் முத்திரை வாங்கும் பிள்ளை பிறகு வகுப்பில் வாய் திறக்குமா? மாணவர்களே, அடுத்த முறை பாடக் காணொளி பார்க்கும்போது அதில் வரும் வீட்டைக் கவனியுங்கள். அப்பா என்ன வேலை செய்கிறார், தெரு எப்படி இருக்கிறது, உங்கள் தெருவைப் போல ஒன்று எப்போதாவது வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, தொடுவது பற்றி. 1995-ல் சேலம் மாவட்டம் ஓமலூர் வட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், பள்ளியின் பொதுப் பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்ததற்காக ஒரு தலித் சிறுமி ஆசிரியரிடம் அடி வாங்கி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். பழைய கதை என்பீர்கள். 2022-ல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமை ஆசிரியை கைது செய்யப்பட்டார். துடைப்பம் யார் கைக்கு முதலில் போகிறது என்பதில் ஒரு வரிசை இருந்தால், டேப் யார் கைக்கு முதலில் போகிறது என்பதிலும் அந்த வரிசை வந்துவிடும். நாம் போய்ப் பார்த்த பள்ளி ஒன்றில் டேப்பை ஒரு மாணவன் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் சுற்றி நின்றார்கள். பின்வரிசைப் பிள்ளைகள் பார்க்க எம்பினார்கள். அவர்களிடம் மட்டும், "கையைக் கழுவிட்டு வா" என்ற குரல் கேட்டது. முன்வரிசையிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் கையும் மண்ணில் விளையாடிய கைதான். சாதிப் பெயர் எதுவும் அங்கே உச்சரிக்கப்படவில்லை. அதனால் புகார் எழுதவும் முடியாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை கொடுத்தது. மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சின்ன விஷயம்போலத் தெரியும். டேப்புக்கும் அதே முறையை வைத்தால் போதும். இன்று அ முதல், நாளை க முதல். யார் கை சுத்தம் என்று யாரும் தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்காது.

உடைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் டேப் பீரோவுக்குள் போய்விடுவதும் உண்டு. ஆசிரியரின் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் இருக்கும்வரை எந்த ஆசிரியரும் அதைப் பிள்ளை கையில் கொடுக்கத் துணியமாட்டார். பழுதுக்கும் தேய்மானத்துக்கும் அரசே தொகை ஒதுக்கிவிட்டு, உடைந்தால் பரவாயில்லை என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சாக்பீஸ் உடைந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லையே.

கடைசியாக, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். மாநிலத்தில் 1,100-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகள். இவை பள்ளிக் கல்வித் துறையின்கீழ் இல்லாமல் தனித் துறையின்கீழ் இயங்குகின்றன. 2023-24 நிதிநிலை அறிக்கை இவற்றைப் பள்ளிக் கல்வித் துறையோடு சேர்ப்பதாக அறிவித்தபோது எதிர்ப்புகள் எழுந்தன. நிலமும் கட்டடமும் பணியிடமும் கைநழுவிப் போய்விடும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் தனித் துறை என்பதே ஒவ்வொரு புதுத் திட்டத்திலும் பட்டியலின் கடைசியில் நிற்பதற்குக் காரணமாகிவிடக் கூடாது. 2024-ல் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து இந்தப் பள்ளிகளின் பிள்ளைகளுக்கே நேரடியாக டேப் வாங்கிக் கொடுக்கலாம். ஆசிரியருக்கு ஒன்று என்ற கணக்கை மாற்றி, நான்கு பிள்ளைகளுக்கு ஒன்று என்று இங்கிருந்தே தொடங்கலாம். முதல்முறையாக நம் பிள்ளைகள் வரிசையில் முன்னால் நிற்பார்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு உரிய விகிதத்தில் இடம். உங்கள் பள்ளிக் குழுவில் காலனியிலிருந்து யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் அதை முதலில் விசாரியுங்கள். அடுத்த கூட்டத்தில் இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை டேப் வந்தது, எத்தனை ஓடுகிறது, இணையக் கட்டணம் எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது, சென்ற வாரம் அதைத் தொட்ட பிள்ளைகள் யார் யார் என்று பெயரோடு கேளுங்கள். ஊராட்சியில் இருப்பவர்கள் கிராம சபையிலும், எடமலைப்பட்டி புதூர் போல மாநகராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபையிலும் இதையே கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குப் பத்து ரூபாய்தான் செலவு. மனு எழுதத் தெரியாத தாய்க்குக் கல்லூரியில் படிக்கும் தெருப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.