முளைத்த கடைக் கிழங்கை மண்ணில் புதைக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

இரண்டு நாளாக ஒரே வீடியோ ஏழு பேரிடமிருந்து என் போனுக்கு வந்துவிட்டது. கடையில் வாங்கி முளைத்துப்போன உருளைக்கிழங்கை நாலாக வெட்டி, உரப்பையில் மண் போட்டுப் புதைக்கிறார்கள். அடுத்த காட்சியில் பையைக் கவிழ்த்தால் கூடை நிறையக் கிழங்கு! "நோன்புக்கு முன்னாடி நாமளும் போடுவோம் டீச்சர், கட்லட்டுக்கும் ரோல்ஸுக்கும் கடைக்கே போகத் தேவையில்ல" என்று பெற்றோர் குழுவில் ஒரு உம்மா எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக லைக்.

நான் விவசாய அதிகாரி இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். ஆனாலும் இதற்கு லைக் போட என்னால் முடியாது. காரணம் சொல்கிறேன்.

2022 ஞாபகம் இருக்கிறதா? பெற்றோலுக்கும் கேஸுக்கும் கியூ. அந்த ஜூன் மாதம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத் தோட்டம் செய்யச் சொன்னார்கள். "எதையாவது நடுங்கள்" என்பதுதான் நாடு முழுக்கப் பேச்சு. என்னிடம் படித்த ஒரு பிள்ளையின் வீட்டில், வாப்பாவுக்கு வேலை இல்லாத நேரம், கடைக் கிழங்கை முளைக்க வைத்து நாற்பது பை நட்டார்கள். செடி முழங்காலுக்கு மேலே பச்சைப்பசேல் என்று வந்தது. பிள்ளை வகுப்பில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னாள். மூன்று மாதம் கழித்துக் கவிழ்த்தால் கோலிக்குண்டு அளவில் கொஞ்சம். பாதி அழுகல்.

நட்டம் அதோடு முடியவில்லை. அந்தப் பை மண்ணை வீணாக்க மனமில்லாமல் பாத்தியில் கொட்டி, தக்காளியும் கொச்சிக்காயும் நட்டார்கள். காய்க்கிற நேரத்தில் ஒவ்வொரு செடியாகப் பச்சையாகவே வாடி விழுந்தது. தண்ணீர் ஊற்றினாலும் எழும்பவில்லை. பிள்ளை ஒரு செடியைப் பிடுங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தாள். தண்டை வெட்டி, ஒரு கிளாஸ் தெளிந்த தண்ணீரில் தொங்கவிட்டோம். சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால்நூல் மாதிரி வெள்ளையாக ஒழுகி இறங்கியது. பக்டீரியா வாடல் நோய். வகுப்பே எட்டிப் பார்த்தது. அவள் மட்டும் பார்க்கவில்லை.

இந்தப் பக்டீரியா உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, கொச்சிக்காய் எல்லாவற்றையும் தாக்கும். நான்கும் ஒரே குடும்பம். மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும். தெளித்துக் கொல்ல மருந்து கிடையாது. வெளியே பார்க்க நல்ல கிழங்கு, உள்ளே நோய் என்று இருக்கலாம். கறிக்கு வாங்கினால் அதனால் நமக்கு ஒன்றும் ஆகாது. நட்டால் முற்றமே போய்விடும்.

இதுதான் நான் சொல்ல வந்தது. சாப்பிடுகிற கிழங்கு வேறு, விதைக் கிழங்கு வேறு. கடையில் இருப்பது பாகிஸ்தானிலிருந்து வந்திருக்கலாம், இந்தியாவிலிருந்து வந்திருக்கலாம், வெலிமடையிலிருந்தும் வந்திருக்கலாம். அது என்ன வகை என்று கடைக்காரருக்கே தெரியாது. முளைக்காமல் இருக்க மருந்து போட்டதாகவும் இருக்கலாம். விதைக் கிழங்கு அப்படியல்ல. அதற்குப் பெயர் உண்டு, பரிசோதனை உண்டு.

பெயர் முக்கியமா என்று கேட்பீர்கள். முக்கியம். நம் நாட்டில் அதிகம் பயிராகும் கிரனோலா ஜேர்மனியில் உருவான வகை. மஞ்சள் தோல், கறிக்கு நல்லது, வறுவலுக்கு அவ்வளவு சரிவராது. சிவப்புத் தோல் டெசிரே ஒல்லாந்து வகை. நமது விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த ஹில்ஸ்டார், லக்ஷ்மி, சீதா போன்றவையும் உண்டு. ஒவ்வொன்றும் வெயில், மழை, நோயைத் தாங்குகிற விதம் வேறு. 1845இல் அயர்லாந்தில் ஏழைகள் பெரும்பாலும் லம்பர் என்ற ஒரே வகையை நம்பியிருந்தார்கள். வெளிறல் நோய் வந்தது. சில வருடங்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் இறந்தார்கள். உருளைக்கிழங்கின் தாயகமான அந்தீஸ் மலைகளில் விவசாயி ஒரே வயலில் பல வகையைக் கலந்து நடுகிறான். ஒன்று போனாலும் மற்றது நிற்கும் என்று அவனுக்குத் தெரியும்.

அடுத்தது இடம். உருளைக்கிழங்கு குளிர்ப் பயிர். இரவு வெப்பநிலை 15 முதல் 20 பாகை வரை இருந்தால் நன்றாகக் கிழங்கு கட்டும். அதற்கு மேலே போகப் போக, செடி பகலில் செய்த மாவெல்லாம் இலைக்கும் தண்டுக்கும் சுவாசத்துக்கும் செலவாகிவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே. மாத்தளை நகரம் ஏறத்தாழ 360 மீற்றர். அந்தப் பிள்ளையின் செடி ஏன் இலையாக வளர்ந்தது என்று இப்போது புரிகிறதா? அவர்கள் கை ராசியில் குற்றமில்லை.

"யாழ்ப்பாணத்தில் விளைகிறதே" என்று ஒரு சகோதரர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே மாரி மழை குறைகிற நேரம் பார்த்து நட்டு, குளிரான தை மாதத்தைப் பிடித்து, மாசி, பங்குனியில் கிண்டுகிறார்கள். வெயில் விழும் திறந்த செம்மண், விதைக் கிழங்கு, கிணற்றுத் தண்ணீர், தலைமுறை அனுபவம். நமக்கும் மார்கழி, தையில் இரவு குளிர்கிறதுதான். ஆனால் குளிரோடு சேர்ந்தே மழையும் வருகிறது. ஈரத்தில் வெளிறலும் அழுகலும் ஓடி வரும். மேலே பலா, தென்னை, மிளகுக்கொடி, சாதிக்காய். பலாபத்வலயில் வெயில் முழுதாக விழுகிற முற்றம் எத்தனை வீட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்!

"முயற்சி செய்தால் என்ன தப்பு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வசதி உள்ளவருக்கு அது பொழுதுபோக்கு. பை, பசளை, மூன்று மாத உழைப்பு போனால் சிரித்துவிட்டு அடுத்த வீடியோ பார்ப்பார். இல்லாத வீட்டில் அது அடுத்த போகத்துக் கொச்சிக்காய். இடத்தையும் வகையையும் சொல்லாமல் எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதுகிற பழக்கம் நமக்குப் புதிதல்ல. 2021இல் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்தவர்களும் அதைத்தான் செய்தார்கள். எந்த மண், எந்தப் பயிர் என்று கேட்கவில்லை. அந்த வருடம் முடிய முன்பே பின்வாங்கினார்கள். நட்டம் விவசாயிக்கு. மேலிருந்து வந்தால் கோபப்படுகிறோம். அதையே போனில் நாமே அனுப்பலாமா?

ஆசை விடவில்லை என்றால் இப்படிச் செய்யுங்கள். கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, சான்றுபெற்ற விதைக் கிழங்கு ஒரு கிலோ மட்டும் எடுங்கள். வகையின் பெயரை எழுதி வையுங்கள். மழை குறையும் நேரம் பார்த்து மார்கழியில், தண்ணீர் தேங்காத பையில், முழு வெயிலில் நடுங்கள். செடி உயர உயர மண் அணையுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையான கிழங்கைச் சாப்பிட வேண்டாம், அதில் நஞ்சு இருக்கிறது. அறுவடை முடிந்த மண்ணைத் தக்காளி, கத்தரி, கொச்சிக்காய்ப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு கிலோவுக்கு என்ன கிடைத்தது என்று நிறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு நாற்பது பை பற்றி யோசிக்கலாம்.

வயிறு நிறைய வேண்டும் என்றால் நமது மண்ணுக்குத் தெரிந்த கிழங்கு இருக்கிறது. மரவள்ளி, வத்தாளை, கிரியல, இன்னல. விதைக்குக் காசு வேண்டாம். மரவள்ளிக்குத் தடி, வத்தாளைக்குக் கொடி, அடுத்த வீட்டில் கேட்டால் தருவார்கள். இன்னல நாலைந்து மாதத்தில் வரும், தோல் சீவுவது மட்டும்தான் பொறுமை. உம்மாமார் இன்னலைக் கறி ஆக்கினால் தெருவே மணக்கும். மரவள்ளியை அவித்து மசித்தால் கட்லட்டும் வரும், என் வீட்டில் போன நோன்பில் செய்தோம். ஆனால் விருந்தாளி வந்தால் இதை வைக்க வெட்கப்படுகிறோம். வெட்கப்பட வேண்டியது கிழங்குக்கா, நமக்கா?

அந்தப் பிள்ளையின் வீட்டுப் பாத்தியில் இப்போது வத்தாளையும் மரவள்ளியும். கொச்சிக்காய் மட்டும் புது மண் நிரப்பிய பையில். இன்னமும் அந்தப் பாத்தியில் தக்காளி நட அவர்கள் பயப்படுகிறார்கள்.

அந்த வீடியோவை அனுப்பியவர்கள் நல்ல மனதோடுதான் அனுப்பினீர்கள், தெரியும். அதே மனதோடு இதையும் அனுப்புங்கள். கிழங்கு நட்டுப் பார்த்தவர்கள் இருந்தால், என்ன வகை, எந்த மாதம், எத்தனை கிலோ என்று கீழே எழுதுங்கள். நல்லது வந்திருந்தாலும் எழுதுங்கள். நான் பிழை என்றால் திருத்திக்கொள்வேன், இன்ஷா அல்லாஹ்.