நின்றால் அணையும் வண்டி

சீசன் தொடங்கும்போது இந்த நாடகம் தவறாமல் அரங்கேறும். நாலைந்து மாதம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த க்வாட் பைக் ஷெட்டிலிருந்து வெளியே வருகிறது. சோக்கைப் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது; சோக்கை எடுத்தால் இரண்டு முறை இருமி அணைகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் போச்சு. உடனே ஒரு ஸ்க்ரூ டிரைவர் வரும். கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஐட்லிங் ஸ்க்ரூ நாலு சுற்று உள்ளே போகும். வண்டி அணையாமல் உறுமும். உரிமையாளருக்குத் திருப்தி, மெக்கானிக்குக் கூலி.

ஆனால் வியாதி அப்படியே இருக்கிறது. கூடவே ஓர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. சிறிய க்வாட்கள் பலவற்றில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. எஞ்சினின் வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும். பழைய ஹோண்டா க்வாட்கள் பலவற்றுக்குச் சொல்லப்பட்ட ஐட்லிங் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று. அதைக் கிளட்ச் பிடிக்கும் வேகத்துக்கு ஏற்றி வைத்துவிட்டால், கியரில் நிற்கிற வண்டி யாரும் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலேயே நகரத் தொடங்கும். மேலே உட்கார்ந்திருப்பது சுற்றுலா வந்த இடத்தில் காசு கொடுத்து ஏறிய சிறுவன், எதிரே சரிவு என்றால் விளைவை விவரிக்க வேண்டியதில்லை.

உண்மையில் நடப்பது என்ன? ஐட்லிங்கில் கார்புரேட்டரின் வாய் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது பெட்ரோல் வருவதற்குப் பைலட் ஜெட் என்கிற பித்தளைத் துண்டுதான் வழி. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வண்டி சும்மா கிடக்கும் மாதங்களில் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, வார்னிஷ் போன்ற பிசினை விட்டுச் செல்கிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலுக்கு ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. தண்ணீர் அடியில் தங்கும், உலோகத்தில் களிம்பு ஏறும், பழைய ரப்பர் பாகங்களும் கெடும். பெரிய மெயின் ஜெட் இதையெல்லாம் தாங்கிக்கொள்ளும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட். ஓட்டத்தில் நன்றாகப் போகிற வண்டி நின்றால் அணைவதன் ரகசியம் இதுதான்.

எனவே ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். இது பயப்படும்படியான வேலையல்ல. பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணத்தை வடித்துவிட்டுப் பிரித்தால் பைலட் ஜெட் கைக்கு வரும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடிக்க வேண்டும். பிடிவாதமான அடைப்புக்கு மின்சார ஒயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழை போதும். குண்டூசியோ ஸ்டீல் கம்பியோ கூடவே கூடாது. பித்தளை தேய்ந்து துளை பெரிதானால் அந்த ஜெட் அதோடு தீர்ந்தது. கலவை ஸ்க்ரூவைக் கழற்றுமுன் மெதுவாக இறுதிவரை முடுக்கி, எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்வது நல்லது. அதற்குப் பின்னாலுள்ள துவாரத்துக்கும் காற்றடிக்க வேண்டும். ஜெட்டை மட்டும் துடைத்துவிட்டு இதை மறந்து, மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பவர்கள் ஏராளம்.

சுத்தம் செய்தும் பலனில்லையா? கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள். பழைய வண்டியில் அது வெடித்திருக்கும். அந்த வழியே திருட்டுக் காற்று புகுந்தால், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கும். ஓடும்போது ரப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளித்துப் பார்த்தால் சத்தம் மாறுவதிலிருந்து ஓட்டை இருப்பது தெரியும். தீப்பிடிக்கும் ஸ்ப்ரேயை அடிப்பவர்களும் உண்டு. சூடான சைலன்ஸருக்கு அருகே அது வேண்டாத துணிச்சல். ரப்பரும் நன்றாக இருந்தால் வால்வு இடைவெளியை அளந்து பார்க்க வேண்டியதுதான்.

மலையேறிய வண்டிகளின் கதை வேறு. இமாசலத்தின் சோலாங் பள்ளத்தாக்கு சுமார் 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சமவெளியில் ஒழுங்காக ஓடிய கார்புரேட்டர் அங்கே தேவைக்கு அதிகமாகப் பெட்ரோலை ஊற்றும். கரும்புகை வரும், பிளக் கறுக்கும். சிறிய ஜெட் மாட்டுவதுதான் இதற்கு முறையான வைத்தியம்.

இதையெல்லாம் பொறுமையாகச் செய்யும் கைகள் குறைந்து வருகின்றன. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புதிய பைக்குகளில் கார்புரேட்டரின் இடத்தை இன்ஜெக்‌ஷன் பிடித்துக்கொண்டது. அதைப் பார்த்துப் பழகிய இளம் மெக்கானிக், “புதுசு மாத்திடலாம் சார்” என்பார். அவர் வாங்கி வரும் மலிவு நகலின் ஜெட் அளவு உங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

எல்லாம் பூட்டிய பிறகு எஞ்சின் நன்றாகச் சூடாகட்டும். ஐட்லிங் ஸ்க்ரூவின் முறை அப்போதுதான். கடைசியாக ஒரு சோதனை: வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடமும் வலமும் முழுக்கத் திருப்புங்கள். எஞ்சின் சத்தம் ஏறினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இறுக்கமாக இருக்கிறது. அதைச் சரிசெய்யும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.